நன்றாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: பிப்ரவரி 3

ஒன்றரை வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவந்தேன். கடைசி ஆறு மாதமாக நல்ல தூக்கம், நல்ல பசி, வேலையிலும் குறையில்லை. ஐந்து நாளைக்கு முன் நானே நிறுத்திவிட்டேன். இது போதை மருந்து இல்லை, அடிமையாக்காது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் சட்டென்று நிறுத்துவதில் என்ன தவறு? தலை மட்டும் கொஞ்சம் கிறுகிறுக்கிறது.

பிப்ரவரி 3, இரவு

உங்கள் கடைசி வரியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கிறுகிறுப்பு எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் பராக்சிடின் 20 மி.கி. எடுத்தேன். நன்றாகிவிட்டேன் என்று தோன்றிய ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு வரை ஒன்றுமில்லை. திங்கள் காலை கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் மண்டைக்குள் சுளீரென்று மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. படி இறங்கும்போது தரை நகர்ந்தது. குமட்டல், காரணமில்லாத அழுகை, விடிய விடிய கலர் கலராகக் கனவு. ஆறாம் நாள், நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பிவிட்டது, இனி ஆயுளுக்கும் இந்த மாத்திரைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அது நோய் இல்லை. மருந்து இல்லாமல் போனதை உடல் சொன்ன விதம்.

அடிமையாவது வேறு, உடல் பழகிப்போவது வேறு. அடிமையானால் மனம் ஏங்கும், அளவைக் கூட்டச் சொல்லும். இங்கே அப்படி எந்த ஏக்கமும் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் ஒரு மருந்து உள்ளே இருந்தால் மூளை அதைக் கணக்கில் வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென்று எடுத்தால் அந்தக் கணக்கு இடறுகிறது. உங்களிடம் சொன்னவர் முதல் பாதியைச் சொல்லியிருக்கிறார், இரண்டாவதை விட்டுவிட்டார்.

நான் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்துப் பார்த்தேன். அப்படியும் செய்யலாம்.

பிப்ரவரி 4

கேட்டவருக்கு மட்டும். நாளைக்குத் தள்ளாமல் இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறேன், இப்படி இருக்கிறது என்று சொன்னால் போதும். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தாலோ, மனம் கட்டுக்குள் இல்லை என்று தோன்றினாலோ நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

பிப்ரவரி 4, மாலை

ஒரு மருந்தாளுநர் எழுதியதைப் படித்தபின் இதைச் சேர்க்கிறேன். ஒரே குடும்பத்து மருந்துகளிலும் ஒன்றை விடுவது லேசாகவும் இன்னொன்றை விடுவது கடினமாகவும் இருக்கிறதே, ஏன் என்று எனக்கு ரொம்ப நாளாகக் குழப்பம். பெரும்பாலும் விடை அரை ஆயுளில் இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அப்படிச் சொல்கிறார்கள். வென்லாஃபாக்சினுக்கு அது 5 மணி நேரம், உடலில் அது மாறி உருவாகும் பொருளுக்குச் சுமார் 11 மணி நேரம். பராக்சிடினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஃப்ளூவாக்சிடினைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கு 4 முதல் 6 நாள், அதிலிருந்து உருவாகும் பொருள் இன்னும் நீண்ட காலம் தங்கும். அதனால் ஃப்ளூவாக்சிடின் தானாகவே மெல்ல இறங்குகிறது. வென்லாஃபாக்சின் எடுப்பவர்கள் ஒரு வேளை தாமதமானாலே உணர்கிறார்கள்.

பிப்ரவரி 6

3-ஆம் தேதி எழுதியதில் ஒரு தவறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாம் என்று எழுதிவிட்டேன். செய்யக் கூடாது.

மேலே சொன்ன கணக்கை என் மருந்துக்கே போட்டுப் பார்த்தேன். அரை ஆயுள் 21 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 48 மணி நேரத்தில் ரத்தத்தில் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். அதாவது நான் குறைக்கவே இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை முழுதாக நிறுத்தி, முழுதாகத் தொடங்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் ஊஞ்சலில் உட்கார்ந்தது போல இருந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. தினமும் எடுத்து, தினசரி அளவைக் குறைக்க வேண்டும். என் வரியைப் படித்து யாராவது தொடங்கியிருந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 9

“இது நோய் திரும்பியதா, மாத்திரையை விட்டதாலா, எப்படித் தெரிந்துகொள்வது?” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த அடையாளங்கள் மூன்று. ஒன்று, காலம். விட்டதால் வருவது பெரும்பாலும் சில நாட்களிலேயே வந்துவிடும். நோய் திரும்பினால் வாரங்கள், மாதங்கள் எடுத்துப் படிப்படியாக வரும். இரண்டு, தன்மை. தலைக்குள் மின்சாரம், கிறுகிறுப்பு, குமட்டல் இவை என் பழைய நோயில் இருந்ததே இல்லை. மூன்றாவது எனக்குத் தெளிவாக நடந்தது. மருத்துவர் சொல்லி மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ஒன்றிரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. மனச்சோர்வு அவ்வளவு சீக்கிரம் அடங்காது, அது குறைய வாரக்கணக்கில் ஆகும்.

ஆனால் இந்த மூன்றும் எப்போதும் பிரித்துக் காட்டிவிடாது. பதற்றமும் தூக்கமின்மையும் இரண்டிலும் வரும். சிலருக்கு விட்டதன் தொல்லையே மாதக்கணக்கில் நீள்கிறது. வெளியிலிருந்து உங்களைப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். என் அக்காதான் எனக்கு அப்படி இருந்தாள், தினமும் இரண்டு வரி எழுதி வைத்தாள். மருத்துவரிடம் நான் சொன்னதைவிட அவள் நோட்டுதான் உதவியது.

பிப்ரவரி 10

குறைப்பது என்றால் எப்படி? பாதி, அப்புறம் கால், அப்புறம் நிறுத்து என்பதுதான் நான் முதலில் கேட்ட வழி. பாதிக்கு வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. கால் மாத்திரையிலிருந்து பூஜ்யத்துக்குப் போனபோது விழுந்தேன்.

மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் இதை விளக்கினார்கள். ஹோரோவிட்ஸ் தாமே இந்த வகை மாத்திரையை விட முயன்று அவதிப்பட்ட மருத்துவர். அளவும் விளைவும் நேர்கோட்டில் போவதில்லை என்பதுதான் விஷயம். சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மி.கி. எடுத்தால் மூளையில் அது பிடிக்க வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது. 9 மி.கி.க்கு வந்தாலும் 70 சதவீதம். 5 மி.கி.யில் 60-ஐ ஒட்டி நிற்கிறது. 1.5 மி.கி.யிலும் 30 சதவீதம் இருக்கிறது. இப்போது பாருங்கள்: 20-லிருந்து 10-க்கு இறங்கினால் உடல் இழப்பது பத்து சதவீதம் அளவுக்கு. 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் அறுபதும் ஒரேயடியாக. கடைசிப் படிதான் மிக உயரமான படி.

அதனால் கீழே போகப் போகப் படிகள் சின்னதாக வேண்டும். கடையில் கிடைக்கும் மாத்திரையை உடைத்து அவ்வளவு சின்ன அளவு எடுப்பது கடினம். என் மருத்துவர் திரவ வடிவத்துக்கு மாற்றினார், ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து எடுத்தேன். ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை தாங்கவில்லை, ஒரு படி மேலே ஏறி ஆறு வாரம் அங்கேயே நின்றேன். அதுவும் திட்டத்தில் இருந்ததுதான்.

பிப்ரவரி 10, சற்று நேரம் கழித்து

உடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரைகளை உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள். ஒரு நாளுக்கான மருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி உறை போட்டவையும் அப்படியே. மருந்தாளுநரிடம் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 15

மனநல மருந்துகளோடு நிற்கும் என்று நினைத்த பேச்சு பிரஷர் மாத்திரைக்கு வந்துவிட்டது. எனக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்பாவுக்கு நடந்தது.

இதயத்தில் ரத்தம் குறைவாகப் போவதால் நெஞ்சு வலி வரும் என்று அவருக்கு மெட்டோப்ரோலால் கொடுத்திருந்தார்கள். சோர்வாக இருக்கிறது என்று தானே விட்டுவிட்டார். மூன்றாம் நாள் நாடி படபடவென்று ஓடியது, நெஞ்சு வலி, வியர்வை. அவசரப் பிரிவில் கேட்டபோது “எல்லா மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். பொய் சொல்லும் மனிதர் இல்லை. திட்டுவார்கள் என்ற கூச்சம். அந்த ஒரு வாக்கியத்தால் காரணம் தெரியாமல் பல மணி நேரம் போயிற்று. சட்டைப்பையில் இருந்த அட்டையில் மாத்திரைகள் அப்படியே இருந்ததைப் பார்த்துச் சொன்னது நான்தான்.

இந்த மருந்து அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களை மறிக்கிறது. நீண்ட காலம் மறித்தால் உடல் அந்த இடங்களைப் பெருக்கிக்கொள்கிறது. மறிப்பைத் திடீரென்று எடுத்தால், பெருகிய இடங்கள் எல்லாவற்றிலும் அட்ரினலின் பாய்கிறது. இதய ரத்தக்குழாய் நோய் இருப்பவருக்கு இதில் மாரடைப்பே வரலாம். வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். க்ளோனிடின் என்ற பிரஷர் மருந்து இதைவிடச் சுருக்காகத் திருப்பி அடிக்கும். விட்ட ஒன்றிரண்டு நாளுக்குள் பிரஷர், மருந்து தொடங்கும் முன் இருந்ததைவிட மேலே போகலாம்.

அப்பாவுக்குச் சோர்வு உண்மையானது. அதை முன்பே சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பார்கள். பிறகு மாற்றவும் செய்தார்கள்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைப் படித்து, “சரி, எதை எதைச் சட்டென்று விடவே கூடாது?” என்று கேள்விகள். எனக்கு உறுதியாகத் தெரிந்தவை மட்டும் சொல்கிறேன்.

வலிப்பு மாத்திரை முதலில். விட்டால் வலிப்பு வரும், சிலருக்கு நிற்காமல் தொடரும், அது உயிருக்கே ஆபத்து. பல வருடம் வலிப்பே வரவில்லை என்றாலும் விடுவது தனி முடிவு. 1991-இல் வெளிவந்த பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வில், இரண்டு வருடமாவது வலிப்பு வராத 1013 பேரைப் பார்த்தார்கள். மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களில் அடுத்த இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் 59 சதவீதம், தொடர்ந்தவர்களில் 78 சதவீதம். விட்டு நன்றாக இருப்பவர்களும் நிறையப் பேர் என்பதையும் இதே எண் சொல்கிறது. வண்டி ஓட்டுபவரா, தனியாக இருப்பவரா என்பதையெல்லாம் வைத்துத்தான் முடிவு.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் க்ளோனசெபாம், அல்ப்ரசோலாம் வகை. பல வாரம் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்திய ஹெதர் ஆஷ்டன், நோயாளியின் வேகத்திலேயே மெல்லக் குறைப்பதைத்தான் வலியுறுத்தினார்.

தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென். பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா. லித்தியம்: சட்டென்று விட்டால் நோய் வேகமாகத் திரும்பும், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் வரை எடுத்துக் குறைப்பார்கள். முதல் வகை சர்க்கரை நோய்க்கு இன்சுலின்: சாப்பிட முடியாத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது.

இன்னொரு வகை உண்டு. உடல் பழகியதால் அல்ல, பாதுகாப்பு விலகுவதால் ஆபத்து. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் க்ளோப்பிடோக்ரலைச் சொன்ன காலத்துக்கு முன் விட்டால் ஸ்டென்டிலேயே ரத்தம் உறையலாம். ரத்தம் உறையாமல் காக்கும் அப்பிக்சபான், ரிவரோக்சபான் போன்றவை ஒரே நாளில் உடலை விட்டுப் பெரும்பாலும் வெளியேறிவிடும், பாதுகாப்பும் அதோடு போய்விடும். இங்கே ‘மெல்லக் குறைப்பது’ என்ற பேச்சே இல்லை. பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ நிறுத்த வேண்டுமென்றால், மருந்து எழுதியவரும் சிகிச்சை செய்பவரும் பேசி நாளைக் குறிக்க வேண்டும்.

பிப்ரவரி 20

ஒரு வேளை மறந்துபோவது பற்றி. இது எல்லோருக்கும் நடக்கிறது, எனக்கும் நடக்கிறது.

பொதுவாகச் சொல்வது: நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போடாதீர்கள். பல மருந்துகளுக்கு இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் அல்ல. அட்டையோடு வரும் தாளில் “மறந்துவிட்டால்” என்ற பகுதி தனியாக இருக்கும், அதைப் படித்துவிடுங்கள். தைராய்டு மாத்திரையின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம், ஒரு நாள் மறந்ததற்காகப் பதற வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையில் அந்த நிதானம் வேண்டாம்.

சில நாள் விட்டுப்போனால் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவது சில மருந்துகளில் ஆபத்து. வலிப்புக்குத் தரும் லாமோட்ரிஜின் பல நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து சின்ன அளவில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கடுமையான தோல் ஒவ்வாமைக்கு இடமுண்டு. மனநோய்க்குத் தரும் க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து தொடங்குகிறார்கள். ஆக, விட்டுவிட்டோமே என்ற பயத்தில் பழையபடி போட்டுக்கொள்வதற்கு முன்னாலும் ஒரு போன்.

பிப்ரவரி 27

“என் வயிற்று மாத்திரையை நிறுத்தினால் எரிச்சல் திரும்புகிறது, அப்படியென்றால் எனக்கு அது தேவைதானே?” என்று ஒருவர்.

தேவையாகவும் இருக்கலாம். ஆனால் 2009-இல் வெளிவந்த ஒரு டென்மார்க் ஆய்வைப் பாருங்கள். எந்த வயிற்றுத் தொல்லையும் இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு எட்டு வாரம் ஈசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு, மாத்திரையை விட்டதால் நோய்க்குறி. அமிலத்தை அடக்கிவைத்திருந்த கை விலகியதும் கொஞ்ச காலம் அது மிஞ்சிச் சுரக்கிறது. அது அடங்கும் வரை குறைத்துக் குறைத்து வந்தால் சிலரால் விட முடிகிறது. ரத்தக் கசிவு வராமல் காக்கத்தான் உங்களுக்கு அதைக் கொடுத்தார்களா என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். அது விலகினால் எலும்பு வேகமாகக் கரைகிறது, சிலருக்கு முதுகெலும்பில் ஒரே நேரத்தில் பல முறிவுகள் வந்திருக்கின்றன. நிறுத்துவதென்றால் வேறொரு மருந்தை அதன் இடத்தில் வைத்துத்தான் நிறுத்துகிறார்கள். அலெண்ட்ரோனேட் அப்படியில்லை, எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கும். ஒரே நோய், இரண்டு மருந்து, நேர்மாறான நடத்தை.

மார்ச் 5

இத்தனையும் படித்துவிட்டு யாரும் எதையும் நிறுத்தவே கூடாது என்று நினைத்தால் அது நான் சொல்லவந்ததற்கு நேர் எதிர். கட்டாயம் நிறுத்திவைக்க வேண்டிய நாட்களும் உண்டு. வாந்தியும் பேதியுமாக உடல் வற்றிக்கிடக்கும்போது மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை, ராமிப்ரில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள், எம்பாக்லிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீரகம் கெடாமல் இருக்கவும், ரத்தத்தில் அமிலம் சேராமல் இருக்கவும். எம்பாக்லிஃப்ளோசினைத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே “எனக்கு வயிற்றுப்போக்கு வந்தால் இதில் எதை நிறுத்த வேண்டும், எப்போது திரும்பத் தொடங்க வேண்டும்?” என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 12

ஸ்டீராய்டை எப்படி மறந்தேன்?

ப்ரெட்னிசலோனை மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தத் தொடங்கலாம். வெளியிலிருந்து வருகிறதே, நான் எதற்கு என்பது போல. இது அனுபவத்தில் கற்ற பாடம். 1948-இல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்கு முதலில் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார், 1950-இலேயே நோபல் பரிசு. 1952-இல், கார்டிசோன் எடுத்துவந்த ஒரு நோயாளி அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கிப்போயிருந்தன.

எனவே நீண்ட நாள் எடுத்தவர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும் காலத்தில் காய்ச்சலோ விபத்தோ அறுவையோ வந்தால் கூடுதல் அளவு தேவைப்படும். ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்ற அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். கடும் சோர்வு, வாந்தி, எழுந்தால் மயக்கம், குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் காத்திருக்க நேரமில்லை. மூன்று நான்கு நாள் கொடுத்த சின்ன ஸ்டீராய்டு சிகிச்சையைப் பெரும்பாலும் அப்படியே நிறுத்தலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

மார்ச் 21

பிப்ரவரி 10-இல் எழுதியதில் ஒரு சாய்வு இருக்கிறது, இப்போது படிக்கும்போது தெரிகிறது. மெல்லக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போல எழுதிவிட்டேன். 2021-இல் ஆன்ட்லர் என்ற ஆய்வு வந்தது. பல காலம் மனச்சோர்வு மாத்திரை எடுத்து, இப்போது நன்றாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்த 478 பேர். ஒரு வருடத்தில், மாத்திரையைக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். அந்த ஆய்வில் சுமார் இரண்டு மாதத்தில் குறைத்துவிட்டார்கள், வேகம் கொஞ்சம் அதிகம், விட்டதன் தொல்லையும் அந்த 56-க்குள் கலந்திருக்கலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் முழு வித்தியாசத்தையும் அதில் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. சிலருக்கு மாத்திரை தொடர்வதுதான் நல்லது. என் தோழி ஒருத்தி இரண்டு முறை முறையாகக் குறைத்தாள், இரண்டு முறையும் நோய் வந்தது. இப்போது எடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள். அவள் எதிலும் தோற்கவில்லை.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார், சொல்ல அனுமதி கொடுத்தார். பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் போன் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போக முடியாத நிலை வந்தபோதுதான் போயிருக்கிறார். சொல்லாமல் விட்டதற்குத் திட்டு விழும் என்று வாசலிலேயே பத்து நிமிடம் நின்றாராம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை நாள் ஆயிற்று?” இரண்டாவது: “ஏன் நிறுத்தத் தோன்றியது?” அந்த இரண்டாவதுக்கு இவர் அரை மணி நேரம் பதில் சொன்னாராம். மரத்துப்போனது போல இருப்பது, உடல் எடை, மணவாழ்வில் ஏற்பட்ட தொல்லை, எதையும் ஒன்றரை வருடத்தில் ஒருமுறையும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

பழைய அளவுக்குத் திரும்பி மூன்று வாரம் நின்றுவிட்டு, இப்போது முதல் படி இறங்கியிருக்கிறார். அடுத்த படிக்கு நாள் குறிக்கவில்லை. நான்கு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகப் பேச்சு. தினமும் இரண்டு வரி அவருடைய தம்பி எழுதுகிறாராம்.